பெரியநாயகியக்கா திருடின பிள்ளையார்

இன்னைக்கு வெள்ளக்கரட்டுல மினிபஸ் நிக்குது, டீக்கடை இருக்குது, சாயங்காலமானா வம்பு பேச ஆளுக்குப் பஞ்சமே இல்லீங்க. இத்தனைக்கும் காரணம் ஒரு திருட்டு. திருடினது பெரியநாயகியக்கா, பறிகொடுத்தது நாங்க.

அப்ப இந்தக் கரடு முழுக்க வேலாமுள்ளுதான். அக்காவோட ஊட்டுக்காரர் முருகானந்தம் ரிக் வண்டி டிரைவர். போர்வெல் போட வடக்க போனார்னா மாசக்கணக்குல வரமாட்டார். இங்க நெலத்தை வாங்கி, ஷீட்டு ஊடு ஒண்ணைப் போட்டு, பொண்டாட்டியையும் நாலு ஆட்டையும் விட்டுட்டுக் கெளம்பிட்டார். தை வரைக்கும் பாக்கலாம், பக்கத்துல யாரும் குடிவரலீன்னா வித்துட்டு ராசிபுரத்துக்கே போயிரலாம்னு பேச்சு. ராசிபுரம்னா மாமியார் ஊடு. அங்க கொழம்புக்கு உப்புப் போடக்கூட உத்தரவு வாங்கணும். இங்க அக்கா வெச்சதுதான் சட்டம். செத்தாலும் திரும்பிப் போகமாட்டேன்னு உக்காந்துட்டாங்க.

நெலம் பாக்க வர்றவங்க மோரை வாங்கிக் குடிச்சுட்டு, ஒரு கோயில்கூட இல்லியேன்னு சொல்லிட்டுப் போயிருவாங்க. சரி, பிள்ளையார் வேணும். ஆனா காசு குடுத்து வாங்கின பிள்ளையாரைவிடத் திருடிக் கொண்டாந்து வெச்ச பிள்ளையார்தான் ராசின்னு எங்க பக்கம் ஒரு நம்பிக்கை.

பக்கத்து ஊர்ல எங்க தோட்டத்து வேப்பமரத்தடியில ஒரு குட்டிப் பிள்ளையார் இருந்தார். தெனமும் வெளக்கு வெக்கறவ நான். நாங்க குடும்பத்தோட ஒரு கல்யாணத்துக்குப் போன நேரம் பாத்து, பட்டப்பகல்ல, மொபெட்டுல முன்னாடி உக்காத்தி, வெயில் படக்கூடாதுன்னு தலையில துண்டும் போட்டு ஓட்டிட்டுப் போயிட்டாங்க மகராசி. வழியெல்லாம் சனம் பாத்திருக்குது. எங்க காதுக்கு வர எந்நேரமாகும்?

எங்க ஊட்டுக்காரர் ஜீவானந்தத்தை இழுத்துக்கிட்டுச் சண்டைக்குப் போனேன். வாய்க்கு வந்தபடி திட்டினேன். கேட்டிருந்தா நாங்களே குடுத்திருப்போமேன்னும் சொன்னேன்.

"கேட்டு வாங்குனா அது திருட்டு ஆகாதுங்களே, சாமி."

எனக்குச் சிரிப்பு வந்து தொலைச்சுது. அடக்கிக்கிட்டுப் பாத்தா, எருக்கம்பூ மாலையும் அதுவுமா பிள்ளையார் சமையக்கட்டு ஜன்னலைப் பாத்து உக்காந்திருக்கார். கெழக்க பாத்து வெக்கத் தெரியாதான்னு அதட்டினேன்.

"வேல செய்யறப்ப பேச ஆள் வேணுமுங்க. இங்க இவர்தான் இருக்கார்."

அதுக்கப்புறம் எங்க திட்டறது?

பூசை போட்டு வெச்ச பிள்ளையாரைக் கெளப்பக் கூடாது. அதுக்காக வெளக்கை விடமுடியுமா? சாயங்காலமானா ஜீவானந்தம் என்னை வண்டியில கொண்டாந்து விடுவார். வெளக்கு வெக்கறது ஒரு நிமிசம், அக்காகூடப் பேச்சு இருட்டற வரைக்கும். ஐப்பசி மழையில தெனம் நனைஞ்சு மனுசனுக்குச் சலிச்சுப்போச்சு. அண்ணந்தம்பிங்க அத்தனை பேரும் ஒரே ஊட்டுல நெருக்கிக்கிட்டுக் கெடக்கறோம், எப்படியும் தனி ஊடு கட்டணும், அதை அங்கயே நெலம் வாங்கிக் கட்டித் தொலைப்போம்னார்.

தை பொறந்ததும் முருகானந்தம் வந்தார், நெலத்தை வாங்கறதுக்கு ஒரு ஆளையும் கையோட கூட்டிக்கிட்டு. வேலிக்கு அந்தப்பக்கம் அஸ்திவாரம் தோண்டிக் கெடந்தது. இது யாரோடதுன்னு கேட்டார்.

"பக்கத்து ஊடுங்க"ன்னாங்க அக்கா. சொன்னதுதான் தாமசம், முந்தானையில மூஞ்சியப் பொத்திக்கிட்டு அழுதுட்டாங்க. வேலி ஓரமா நின்ன நானும் அழுதேன்.

முருகானந்தம் கொஞ்சநேரம் தலையைச் சொறிஞ்சார். அப்புறம் கூட்டியாந்த ஆளை, இந்த அஸ்திவாரத்துக்கு அந்தாண்ட இருக்கற நெலத்தைக் காட்டறேன் வாங்கன்னு கூட்டிட்டுப் போனார்.