கணக்கு டீச்சரை மாற்றிய கதை

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பால் சொசைட்டியில் அளவு குறைந்தால் வரும், கால்வாய்த் தண்ணீரை மேல்தோப்புக்காரர் மடக்கிக்கொண்டால் வரும். எங்கள் அரசுப் பள்ளியில் தாய்மார் சங்கத்துக்கு என்னைத் தலைவியாகப் போட்டதும் அதனால்தான். என்னைவிடப் படித்த அம்மாக்கள் இருந்தார்கள். ஆனால் ஹெட்மாஸ்டர் முன்னால் நின்று சத்தம் போட ஒரு ஆள் வேண்டுமல்லவா?

கோபாலபுரம் செக்போஸ்ட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே, கேரளத்துப் பக்கம் எங்கள் ஊர். தென்னந்தோப்பும் மாடுகளும்தான் பிழைப்பு. வீட்டிலும் பொள்ளாச்சிச் சந்தையிலும் தமிழ், ஆபீஸ் படியேறினால் மலையாளம். பள்ளியிலும் இரண்டு பிரிவு உண்டு. என் இரண்டு பெண்களும் தமிழ்ப் பிரிவு. மூத்தவளுக்கு மாட்டு டாக்டர் ஆக வேண்டும் என்று ஆசை. நல்ல கறவைப் பசு ஒன்று, டாக்டர் வந்து சேர்வதற்குள் தொழுவத்திலேயே கண்ணை மூடியதைப் பார்த்தவள் அவள். பத்தாம் வகுப்பில் நல்ல கிரேடு வாங்கினால் பிளஸ் ஒன்னில் சயன்ஸ் கிடைக்கும், அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நாங்கள் கணக்குப் போட்டிருந்தோம்.

அவள் பத்தாம் வகுப்புக்குப் போன ஜூனில் பழைய கணக்கு டீச்சர் ஓய்வு பெற்றார். அந்த இடத்துக்குப் புதிதாக ஒருவரை அனுப்பினார்கள். தெற்கே கடலோர ஜில்லாக்காரர், சின்ன வயது, நல்ல முகம். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. தமிழ்ப் பிரிவுக்குத் தமிழ் தெரியாத டீச்சரை யார் எந்த யோசனையில் அனுப்பினார்களோ, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பிள்ளைகளுக்குக் கடைவீதி மலையாளம் நன்றாகவே வரும். ஆனால் பலகையில் மலையாளத்தில் எழுதிப் போடும் கணக்கை, கையிலிருக்கும் தமிழ்ப் புத்தகத்தோடு ஒத்துப் பார்க்க அது போதுமா? மூத்தவள் இரண்டு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு போனாள். மூன்றாவது வாரம் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அழுதாள்.

"டீச்சர் மேல தப்பில்லீங்மா. அவங்க நல்லாத்தான் சொல்றாங்க. எனக்குத்தான் ஒண்ணும் ஏற மாட்டேங்குது."

தப்பில்லாத இடத்தில் அவள் தன் மேலேயே தப்பைப் போட்டுக்கொண்டதுதான் எனக்குத் தாங்கவில்லை. மறுநாள் காலை சொசைட்டியில் பாலை ஊற்றிவிட்டு நேரே வீடு வீடாகப் போனேன். திங்கட்கிழமை பள்ளி வாசலில் அம்மாக்கள் எல்லோரும் உட்கார்ந்துவிட்டோம். இங்கே அதற்குச் சமரம் என்று பெயர். கேரளத்தில் பிறந்துவிட்டுச் சமரம் செய்யத் தெரியாமல் இருக்க முடியுமா? பிள்ளைகள் யாரும் கணக்கு வகுப்புக்குள் போகவில்லை.

பொள்ளாச்சிப் பக்கமிருந்து ஒரு டிவிக்காரர் வந்து மைக்கை நீட்டினார். "தமிழுக்காகப் போராடுறீங்களா?" என்றார்.

"கணக்குக்காகப் போராடறமுங்க" என்றேன். "தமிழ் எங்க ஊட்டுலயே இருக்குதுங்க. அது ஒண்ணும் ஓடிப் போயிராது. கணக்கு டீச்சர்தான் எங்களுக்கு வேணும்."

அதை அவர் போடவில்லை. தாய்மொழி காக்கத் திரண்ட தாய்மார்கள் என்று போட்டார். சாயங்காலம் அதைப் பார்த்து என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

அந்த டீச்சர் ஒரு தடவை எங்களிடம் வந்தார். வெயிலில் குடையில்லாமல் நின்றார். "எனிக்கு தமிழ் அறியில்லான்னு ஞான் ஆத்யமே பறஞ்ஞதா சேச்சி. ஞான் எந்து செய்யும்?" என்றார். தான் என்ன செய்ய முடியும் என்று கேட்டார். தனக்குத் தமிழ் தெரியாது என்று முதலிலேயே சொல்லித்தான் இருக்கிறார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எனக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் மூத்தவளின் பத்தாம் வகுப்பு போய்விடும் என்றுதான் நினைத்தேன்.

அந்த வாரமே மேலாபீஸிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். ஜீப்பிலிருந்து இறங்கும்போதே சிரித்தார். "உங்களுக்கு என்ன வேணும்?" என்று தமிழிலேயே கேட்டார்.

"இந்த டீச்சரை மாத்தோணுமுங்க" என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னோம்.

"மாத்திட்டேன்" என்றார்.

அவ்வளவுதான். அவர் ஜீப் புழுதி அடங்குவதற்குள் யாரோ ஜிலேபி வாங்கி வந்துவிட்டார்கள். நானும் தின்றேன். டீச்சரும் அழவில்லை, தன் ஊருக்குப் பக்கத்திலேயே பள்ளி கிடைத்ததில் அவருக்கும் சந்தோஷம். என் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினார்.

இரண்டு வாரம் போயிற்று. கணக்கு வகுப்பில் யாரும் இல்லை. ஹெட்மாஸ்டரிடம் போய், புது டீச்சர் எப்போது வருவார் என்று கேட்டேன். நல்ல மனுஷர். மலையாளிதான், ஆனாலும் எங்களோடு எங்கள் பேச்சிலேயே பேசுவார். என் முகத்தைப் பார்க்காமல் மேஜைக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"எப்படிங்க வருவாங்க? காலியிடம் இல்லீங்களே."

"டீச்சர் போயிட்டாங்கல்லங்க?"

"போகலீங்க. தற்காலிகமா அங்க வேலை பாக்கறாங்க, அவ்வளவுதான். சம்பளம், போஸ்ட் எல்லாம் இப்பவும் நம்ம ஸ்கூல்லதான். ஆள் இருக்கற இடத்துக்கு இன்னொரு ஆளை எப்படிக் கேக்கறது? தினக்கூலிக்குக்கூட ஒருத்தரைப் போட முடியாதுங்க."

மாற்றச் சொன்னோம், மாற்றிவிட்டார்கள். வேறு ஆளைக் கொடுங்கள் என்று கேட்க எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை. ஒரு ஆள் போனால் இன்னொரு ஆள் வருவார் என்று நினைத்தோம். தோப்பில் அப்படித்தான் நடக்கும், சொசைட்டியிலும் அப்படித்தான். சர்க்கார் ஆபீஸில் ஆள் இல்லாமலே நாற்காலி நிறைந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும்? அந்த அதிகாரிக்குத் தெரியும். தெரிந்துதான் சிரித்திருக்கிறார்.

மறுபடி சமரம் செய்யலாம் என்றேன். பாதிப் பேர் வரவில்லை. "நீ கேட்டதைத்தான் செஞ்சிட்டாங்களே, இன்னும் என்னத்தைக் கேக்கறது?" என்றாள் பக்கத்துத் தோப்புக்காரி. மேலாபீஸுக்கு நடையாய் நடந்தேன். அந்த அதிகாரி வேறு இடத்துக்குப் போயிருந்தார். வந்த புதியவர் பார்க்கிறேன் என்றார், பார்த்துக்கொண்டே இருந்தார்.

மூத்தவளைப் பொள்ளாச்சிக்கு டியூஷன் அனுப்பினோம். அங்கே வாத்தியார் தமிழில் அழகாகத்தான் சொல்லிக்கொடுத்தார். ஆனால் அவருடையது தமிழ்நாட்டுப் பாடம், எங்கள் பரீட்சை கேரளத்துப் பரீட்சை. செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் படித்துவிட்டு இந்தப் பக்கம் எழுத வேண்டியிருந்தது. இடையில் மலையாளப் பிரிவு கணக்கு வாத்தியார் இரக்கப்பட்டு, இந்தப் பிள்ளைகளையும் தன் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார வைத்தார். தையல் விட்ட துணி மாதிரி ஒரு வருஷம் போயிற்று. அவள் வாய்விட்டுக் குறை சொல்லவில்லை. தொழுவத்துக்கு வருவதை மட்டும் நிறுத்திவிட்டாள்.

மே மாதம் ரிசல்ட் வந்தது. மற்ற பாடமெல்லாம் ஏ, கணக்கில் சி. எங்கள் ஜில்லாவில் நல்ல கிரேடு வாங்கியவர்களுக்கே பிளஸ் ஒன் இடத்துக்கு அடிதடி. சயன்ஸ் கிடைக்கவில்லை, காமர்ஸ் கிடைத்தது. அழுவாள் என்று பயந்தேன். அவள் சின்னவளைக் காட்டி, "இவளை மலையாளத்துல சேத்துடுங்க" என்றாள்.

சின்னவள் எட்டாம் வகுப்புக்குப் போக வேண்டியவள். தமிழ்ப் பிரிவில் எட்டிலிருந்து பத்து வரை ஒரே கணக்கு டீச்சர்தான், அதே காலி நாற்காலி. சேர்த்துவிட்டேன். சமரத்துக்கு வந்த மற்ற அம்மாக்களும் ஒவ்வொருவராக அதையே செய்தார்கள். வீட்டில் ஓயாமல் தொணதொணக்கும் சின்னவள் அந்த வகுப்பில் வாயே திறப்பதில்லை என்று டீச்சர்கள் சொன்னார்கள். ஒரு நாள் சாயங்காலம், "அம்மா, எனக்கு விடை தெரியுது, சொல்லத்தான் தெரியல" என்றாள்.

ஓணம் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, புதிதாக ஒரு பெண் எங்கள் வாசலில் வந்து நின்றார். மாட்டுப்பட்டிப் பக்கம் தேயிலை எஸ்டேட்டில் வளர்ந்தவர். முழுக்கத் தமிழ்ப் பிரிவில் படித்து, கணக்கில் பட்டம் வாங்கி, பரீட்சை எழுதிப் பல வருஷம் காத்திருந்தவர். தெற்கத்தி டீச்சருக்கு நிரந்தரமாக அங்கேயே மாற்றம் கிடைத்ததில் இந்த இடம் உண்மையாகவே காலியாகி, இவரைப் போட்டிருக்கிறார்கள்.

மோர் கொடுத்தேன். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு பேசினார்.

"அக்கா, எட்டாம் வகுப்புல பேருக்குத்தான் பிள்ளைங்க இருக்காங்க. உங்க பாப்பாவைத் திரும்ப நம்ம பிரிவுக்கு அனுப்புங்கக்கா. விட்டுப்போன பாடத்தைச் சனிக்கிழமை சனிக்கிழமை நானே உக்காந்து சொல்லித் தாரேன்."

உள்ளே கதவோரம் சின்னவள் நின்றிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்தேன். அந்த நிமிஷமே எழுந்து அந்த டீச்சரோடு போய்விடுவாள் போலிருந்தது.

"நீங்க இங்க எத்தனை நாள் இருப்பீங்க?" என்று கேட்டேன்.

அவர் பொய் சொல்லவில்லை. "தெரியலக்கா. பிள்ளைங்க கொறஞ்சா என்னையும் வேற எங்கயாச்சும் தூக்கிப் போட்ருவாங்க." டம்ளரைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு, "நீங்கதான் இதுக்காகத் தெருவுல உக்காந்து போராடுனவங்கன்னு சொன்னாங்க. அதான் மொதல்ல இங்க வந்தேன்" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மூத்தவள் உள்ளிருந்து வந்தாள். குரலை உயர்த்தவில்லை, மரியாதையாகத்தான் சொன்னாள்.

"போராடினது அம்மாங்க டீச்சர். பரீட்சை எழுதினது நானுங்க."

டீச்சர் மோரைக் குடித்துவிட்டு, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு, "சரிக்கா, வாரேன்" என்று போனார்.

நல்ல டீச்சர் வேண்டும் என்று அன்றைக்கு நாங்கள் கேட்டது தப்பில்லை. இன்றைக்கும் யார் வந்து கேட்டாலும் அதைச் சொல்வேன். ஆனால் சின்னவளை அனுப்பவில்லை. ஒருத்தியைப் பணயம் வைத்துப் பார்த்தாயிற்று, இன்னொருத்தியையும் வைத்துப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

அடுத்த ஜூனில் ஒன்பதாம் வகுப்பில் தமிழ்ப் பிரிவு திறக்கவில்லை. பிள்ளைகள் போதவில்லை என்றார்கள். அந்த வகுப்புக்குப் போதாமல் போன பிள்ளைகளில் ஒருத்தி என் மகள்.