புதுக் குழாய் மாட்டிய காலை

எங்கள் தெருவில் நகராட்சித் தண்ணீர் எட்டு நாளைக்கு ஒருமுறை வரும். வந்த அன்றே மொட்டைமாடித் தொட்டியை நிரப்பிவைத்து, மறுபடி வரும்வரை அதில்தான் குளியலும் துவையலும். அப்படிப்பட்ட வீட்டில் வாசல் குழாய் ஒழுகினால் யாருக்குப் பொறுக்கும்? பிளம்பர் மூன்று வாரமாக "நாளைக்கு வாரேன்க்கா" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். நானே போய்ப் புதுக் குழாய் வாங்கிவந்துவிட்டேன்.

புத்தியுள்ளவள் தொட்டி காலியான பிறகு கழற்றுவாள். எனக்குத்தான் எதற்கும் பொறுமை கிடையாதே. தொட்டி தளும்பிக்கொண்டிருந்த அன்று காலையிலேயே கணவரை மாடிக்கு அனுப்பி, "வால்வை மூடிருங்க" என்றேன். மூடிவிட்டதாக மேலேயிருந்து கையைக் காட்டிவிட்டுத் தொட்டிக்குப் பின்னால் போய்விட்டார். ஸ்பேனரைப் போட்டுத் திருகினேன்.

பழைய குழாய் கையோடு வந்தது. பின்னாலேயே எட்டு நாள் தண்ணீரும் வந்தது.

இரண்டு உள்ளங்கையாலும் ஓட்டையை அழுத்தினேன். விரல் சந்தெல்லாம் பீய்ச்சி முகத்தில் அடித்தது. வீட்டுக்கு இரண்டு பக்கமும் விசைத்தறி. அந்தச் சத்தத்தில் கையால் பேசித்தான் எங்களுக்குப் பழக்கம். என் கைகளோ ஓட்டையில். கத்திக் கத்திப் பார்த்தேன், ஒன்றும் எடுபடவில்லை.

சாக்கடையில் நல்ல தண்ணீர் ஓடுவதைப் பார்த்து அக்கம்பக்கத்துப் பெண்கள் சண்டைக்குத்தான் வந்தார்கள். என் கோலத்தைக் கண்டதும் ஒரே சிரிப்பு. அவர்கள் வீட்டுக் குடங்கள் விடியற்காலையில் வந்த தண்ணீரிலேயே நிறைந்துவிட்டதால், பரணில் கிடந்த கல்யாண அண்டாக்கள்கூட இறங்கிவந்தன. மாடிக்குப் போய் ஆளைக் கூப்பிடுவதா, தண்ணீரைப் பிடிப்பதா என்றால் எங்கள் ஊரில் தண்ணீர்தான் முதலில். வெயிலில் எல்லோரும் தொப்பலாக நனைந்தோம். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

தறி ஓடும்போது வாய்க்கு வந்ததைச் சொல்லலாம் என்பது எங்கள் தெருவில் ஒரு சுகம். வீட்டில் பேசுவது தெலுங்கு என்றாலும் கோபம் வந்தால் எனக்குத் தமிழ்தான் வரும். பதினாறு வருடமாக மரியாதை குறையாமல் கூப்பிட்ட மனிதரை அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டேன். அந்த நொடியில் கரண்டு போய்த் தறிகள் நின்றன.

"ஏலே செவிட்டுப் பயலே, எந்த வால்வைலே மூடுன?"

தெருவுக்கே கேட்டது. அண்டாவோடு நின்ற என் மாமியாருக்கும் கேட்டது. மாடிச் சுவருக்கு மேலே கணவரின் தலை மட்டும் எழும்பியது.

"குளிக்கிற ரூமு வால்வை மூடுனேன். தப்பா?" என்றார், அத்தனை பணிவாக.

முதலில் சிரித்தது என் மாமியார்தான். அண்டாவைக் கீழே வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

சரியான வால்வை மூடியதும் புதுக் குழாயை மாட்டினேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஒழுகுவதற்குத் தொட்டியில் தண்ணீரும் இல்லை. குச்சியை விட்டுப் பார்த்தேன், நுனிதான் நனைந்தது. இன்னும் எட்டு நாளை எப்படி ஓட்டப்போகிறோம் என்று பயந்துபோனேன்.

மறுநாள் விடிந்ததும் வாசலில் ஒரு குடம் வந்தது. அடுத்த வீட்டிலிருந்து இன்னொன்று. எட்டு நாளும் முறைவைத்துக் கொண்டுவந்தார்கள். கொண்டுவந்தவள் ஒவ்வொருத்தியும் வாசலில் நின்று, தெருவுக்கே கேட்கும்படி, "ஏலே செவிட்டுப் பயலே!" என்று கூப்பிட்டாள்.

"இந்தா, வாரேன்" என்று எழுந்துபோய் என் கணவர் குடத்தை வாங்கிக்கொண்டார்.