தழை போடாத நெய்

கல்யாணமாகி இரண்டு வருஷம், எனக்குக் குழந்தை இல்லை. என் நாத்தனார் தலைப்பிரசவத்துக்குத் திருப்பூருக்கு, எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவளுக்கான நெய்யை என்னைக் காய்ச்சச் சொல்லிவிட்டு மாமியார் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்.

ஊத்துக்குளி வெண்ணெய், நாலு வீசை. உருக்கி இறக்கும்போது ஒரு பிடி முருங்கைத்தழை போட வேண்டும். தழை மொறுமொறுவென்று பொரிந்து, அதன் சாரம் நெய்யில் இறங்கினால் மாசக்கணக்கில் காறிக் கெடாது. நானோ அடுப்பை மூட்டியதே பொழுது சாய்ந்த பிறகு. விளக்கு வைத்தபின் மரத்தில் தழை பறிக்கக் கூடாதே! அப்படியே வடிகட்டி டின்னில் ஊற்றிவிட்டேன்.

"தழை போட்டயா, அம்மிணி?"

"போட்டனுங்க, அத்தை."

ஏன் அப்படிப் புளுகினேனோ, பாழாய்ப்போன வாய்!

சித்திரை வெயில். தினம் திருட்டுத்தனமாக டின்னைத் திறந்து மோந்து பார்ப்பேன். மூன்றாம் வாரம் லேசாகக் காறல் வாடை வந்துவிட்டது. ஆளில்லாத நேரம் பார்த்து மறுபடி சூடாக்கி, இரண்டு பிடி தழை போட்டேன். வாசம் என்னவோ கமகமத்தது. நாக்கில் வைத்தால் அதே காறல். கெடுவதற்கு முன்னால்தான் தழை காக்கும் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அந்த வாரமே நாத்தனாரின் குழந்தை காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு வீறிட ஆரம்பித்தது. தாய் தின்ற நெய்தான் பாலில் இறங்கிவிட்டது என்று நானே முடிவு கட்டிவிட்டேன். சொல்லவும் பயம். பிள்ளையில்லாதவள் பொறாமையில் செய்தாள் என்பார்களே! பத்து நாள் சோறு இறங்கவில்லை. பதினோராம் நாள் குழந்தை அழுத அழுகையில், மாமியார் காலைப் பிடித்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"எந்திரி. அந்த வாடை எனக்குத் தெரியாதா? பத்து நாளா அவளுக்கு வேற நெய்தான் ஊத்தறேன். குழந்தைக்கு வெறும் வாய்வு. நீயா வந்து சொல்றயான்னு பாத்துட்டிருந்தேன்."

உயிர் வந்தது. அடுத்த நொடியே ஆத்திரமும் வந்தது. அந்த வீட்டில் நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

"பத்து நாளுங்களா! அன்னைக்கே கேட்டிருக்கலாமல்லீங்க? நான் வேணும்னே செஞ்சேன்னு நெனச்சுட்டீங்களா?"

"நெனச்சேன்," என்றார். குழந்தையைத் தூக்கி வந்து என் மடியில் வைத்துவிட்டு, உள்ளே போய்விட்டார்.