மூக்கிரட்டையா, சாரணையா

கொருக்குப்பேட்டையில் எங்கள் வீட்டுக்கும் சரக்கு ரயில் பாதைக்கும் நடுவே ஒரு காலிமனை இருக்கிறது. மழைக்காலம் முடிந்ததும் அது முழுக்கப் பச்சையாகிவிட்டது. காட்டுச் செடிகளை அடையாளம் காண நான் அப்போதுதான் கற்கத் தொடங்கியிருந்தேன். தரையோடு படர்ந்திருந்ததைக் காட்டி, "மூக்கிரட்டை" என்றேன் கணவரிடம். அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார்.

"இது சாரணைமே. எங்கக்கா கீரைக்குப் பறிச்சாந்து கடையும்."

செல்போனில் படம் எடுத்துச் செயலியில் போட்டேன். மேலிருந்து எடுத்த படத்துக்கு ஒரு பெயர் சொன்னது, பக்கவாட்டில் எடுத்ததற்கு வேறொன்று.

"பூ வரட்டும், தெரிஞ்சிரும்" என்றார்.

நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்பவள். சின்னதைப் பார்த்துப் பழகிய கண். ஆனாலும் முதல் பூவைக் கண்டது அவர்தான். காம்பே இல்லாமல், இலைக்கணுவில் ஒட்டிக்கொண்டிருந்த வெளிர் ரோஜா நிறப் பூ. சாரணையேதான்.

"இன்னா, ஒத்துக்கிறியா?"

ஒத்துக்கொண்டேன். உள்ளுக்குள் கொஞ்சம் ஏமாற்றம்.

சில நாள் கழித்து அந்த மனை வழியே குறுக்கே நடந்து வேலைக்குப் போனேன். போய்ச் சேர்ந்து பார்த்தால் சுடிதார் ஓரமெல்லாம் பசையாக ஒட்டும் குட்டிக் காய்கள். சாரணையில் இப்படிக் காய் இல்லையே. சாயங்காலம் அவரையும் அழைத்துக்கொண்டு, நடந்த தடத்திலேயே தேடினேன். சாரணைக்குள் புகுந்து இன்னொரு செடி படர்ந்திருந்தது. நூல்போல நீண்ட காம்புகளின் நுனியில் கடுகளவு கருஞ்சிவப்புப் பூக்கள், அதே ஒட்டும் காய்கள். இலையைத் திருப்பினேன். அடிப்பக்கம் வெளிறியிருந்தது. நான் சொன்ன மூக்கிரட்டை. சாரணை இலையோ சதைப்பற்றோடு, இரு பக்கமும் பச்சை.

அவர் குந்தி உட்கார்ந்து இரண்டின் தண்டுகளையும் மெல்லப் பிரித்தார். "ரெண்டும் ஒன்னுமேல ஒன்னு படுத்துகினு கீது. நீ ஒன்னப் பாத்துகினு, நான் ஒன்னப் பாத்துகினு சண்ட போட்டுகீறோம்."

இருவரும் சிரித்தோம். இருட்டும் வரை எழுந்திருக்கவில்லை.

மறுநாள் மதியம் துறைமுகத்திலிருந்து அவருடைய போன். சாப்பாட்டு நேரத்தில் பேசுகிற பழக்கமே அவருக்குக் கிடையாது. பதறி எடுத்தேன்.

"இங்க சுவரோரம் ஒன்னு கீது. வெள்ளப் பூ. தண்டு உருண்டையா இல்ல, சதுரமா கீது. இன்னாமே இது?"

"இலை எதிரெதிரா இருக்கா?"

"இரு, பாத்துட்டு சொல்றேன்."