நீந்தத் தெரியாதவன் தோணி வாங்கியது

மதிப்பிற்குரிய ஐயா, அல்லது அம்மா, இதை வாசிப்பவர் எவராயினும் வணக்கம். மீன் பிடிக்கத் தோணி தேர்ந்தெடுப்பது எப்படி என்று கேட்டால் பலரும் பலவாறு சொல்வார்கள். நான் என் வாழ்நாளில் ஒரே ஒரு தோணியைத்தான் தேர்ந்தெடுத்தேன். அன்று நான் பட்ட பயத்தை இவ்வளவு காலத்துக்குப் பின்னும் மறக்க முடியாதபடியால், நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுப்பகுதி அது. மலாய் நாட்டில் ஹுத்தான் மெலிந்தாங் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் நான் பால்மரம் வெட்டிப் பால் இறக்கிக்கொண்டிருந்தேன். தோட்டத்தின் எல்லையில் ஆறு. அகன்று கலங்கிய ஆறு. கடல் ஏறும்போது மேல்நோக்கி ஓடும், வற்றும்போது கரையெங்கும் முழங்கால் அளவு சேறு. என் மனைவி முதற்பிள்ளையைச் சுமந்திருந்தாள். தோட்டத்துக் கடைக் கருவாட்டின் வாடை பட்டாலே அவளுக்குக் குமட்டியது. பச்சை மீன் கேட்டாள். அவளுடைய அண்ணன் அதே லயத்து வரிசையில் அடுத்த வீட்டில் இருந்தார். நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு தோணி வாங்கினால் ஞாயிறுதோறும் மீன் பிடிக்கலாம் என்பது அவருடைய யோசனை.

எனக்கு நீந்தத் தெரியாது. அதை எவரிடமும் சொல்லவும் முடியாது. என் மனைவிக்கும் அவள் அண்ணனுக்கும் தகப்பனார் இதே ஆற்றில் மூழ்கிப் போனவர். நான் பெண் கேட்டுச் சென்றபோது மச்சான் என் சம்பளத்தையோ ஊரையோ விசாரிக்கவில்லை.

"எங்கப்பா தண்ணியில போனவரு. நீந்தத் தெரிஞ்ச ஆளுக்குத்தான் தங்கச்சியக் குடுக்கணும்னு அம்மா சாகறப்ப சொல்லிட்டுப் போச்சு. மாப்ளைக்கு நீச்சு வருமா?" என்று மட்டும் கேட்டார்.

"காவேரிக்கரையில பொறந்தவன் நான்" என்றேன்.

பிறந்தது உண்மை. அங்கே ஆண்டில் பாதி நாள் ஆறு வெறும் மணலாகக் கிடக்கும் என்பதையும், நீர் வந்த நாள்களில் நான் படித்துறையின் கடைசிப் படியில் இறங்கியதே இல்லை என்பதையும் சொல்லாமல் விட்டேன். என் மனைவி என்னை ஆற்றுக்கு அனுப்பச் சம்மதித்ததும் அந்த ஒரு வாக்கை நம்பித்தான்.

ஞாயிறு காலை ஆற்றின் வளைவிலிருந்த கம்பம் என்று சொல்லும் மலாய்க் கிராமத்துக்குச் சென்றோம். தோணி செய்பவர் எங்கள் வயதுக்காரர், சொற்ப வார்த்தைக்காரர். துறையில் இரண்டு தோணிகள் மிதந்தன. ஒன்று ஒற்றை மரத்தில் குடைந்தது, ஒடுக்கமானது. மற்றது பலகை வைத்துக் கட்டிய அகலமான சம்பான். மச்சான் முதலாவதைவிட்டுக் கண் எடுக்கவில்லை.

"பாருங்க மாப்ளே, விரால் மாதிரி இருக்கு. ஒரு தள்ளு தள்ளினா போய்க்கிட்டே இருக்கும்லா."

"கொஞ்சம் ஒடுக்கமா இருக்கே மச்சான்."

"அந்தப் பெரிசப் பாத்தீங்களா? எரும குட்டையில படுத்துக் கெடக்கிற மாதிரி. அதுல நாம போய்ச் சேர்றதுக்குள்ள மீனுக்கு வயசாயிரும்."

ஒடுக்கத் தோணியில் ஏறி அமர்ந்து பார்த்தேன். முழங்கால்கள் இரு பக்கமும் இடித்தன. விளிம்புக்கும் நீருக்கும் இடையே நான்கு விரற்கடைதான். நான் மூச்சு விட்டதற்கே அது அசைந்ததாகத் தோன்றியது. தோளில் கம்பு வைத்து இரு முனையிலும் பால் வாளி சுமந்து பழகிய உடம்பு என்னுடையது. பாரம் ஒரு பக்கம் சாய்ந்தால் நிமிர்ந்து தோளைக் கொடுத்துச் சமன் செய்யும். தோணி சாய்ந்தபோதும் அந்தப் பழக்கத்தில் என்னையறியாமல் எழுந்து நின்றேன். தோணி செய்பவர் பாய்ந்து விளிம்பைப் பிடித்திராவிட்டால் அப்போதே கவிழ்ந்திருப்பேன்.

பிறகு அவர் மலாயில் தம் வழக்கத்தைச் சொன்னார். தம் கையால் செய்த தோணியை வாங்குகிறவர் அவர் கண்ணெதிரே அதைக் கவிழ்த்து, நீரிலிருந்து மறுபடி ஏறிக் காட்டவேண்டும், இல்லையேல் தரமாட்டார். முதலைக்கு அஞ்சிக் கழிகள் நட்டு அடைத்திருந்த குளிக்கும் துறையைக் காட்டினார். கடல் ஏற்றம். அங்கே ஆள் ஆழத்துக்கு மேல் நீர்.

"காட்டுங்க மாப்ளே, காவேரிக்கரை யாருன்னு!" என்று மச்சான் என் முதுகில் தட்டினார்.

வேட்டியை மடித்துக் கட்டினேன். நான் மூழ்கினால் மனைவியின் வயிற்றிலிருக்கும் பிள்ளைக்குத் தகப்பன் இல்லை. மறுத்தால் அவளுக்குப் பொய்யன் புருஷன். இரண்டில் எது குறைந்த கேடு என்று எண்ணிக்கொண்டு நின்றேன். அப்போது தோணி செய்பவர் இரண்டு விரல்களை உயர்த்தி, "டுவா-டுவா" என்றார். இருவரும் இறங்கவேண்டும் என்பது பொருள்.

மச்சான் ஓரடி பின்வாங்கினார்.

"நீங்க மொதல்ல எறங்குங்க மாப்ளே."

"மூத்தவரு நீங்க இருக்க நான் எப்படி?"

"மாப்ளைக்குத்தான் முதல் மரியாத."

"பரவாயில்ல மச்சான், நீங்க எறங்குங்க."

இப்படியே வெகுநேரம் உபசாரம் நடந்தது. இறுதியில் என் வாய் தானே திறந்தது. "மச்சான், எனக்கு நீச்சு வராது."

அவர் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். "வராதா? அடப்பாவி, கவுந்தா நீங்க இழுத்துப் போட்டுருவீங்கன்னுதானய்யா நான் அந்த ஒல்லியப் புடிச்சேன்!"

"அப்ப உங்களுக்கு?"

"எனக்கு வந்திருந்தா எங்கப்பாவ விட்டிருப்பேனா?"

தகப்பனார் போன அன்று அவர் கரையில் நின்றிருந்தார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

தமிழ் அறியாத தோணி செய்பவருக்கும் விஷயம் விளங்கியிருக்கவேண்டும். அகலச் சம்பானை இடுப்பளவு நீருக்கு இழுத்து வந்தார். இருவரையும் அதில் ஏற்றி ஒரே பக்கம் சாயச் சொன்னார். அது முனகிச் சாய்ந்ததே தவிர, நீர் உள்ளே வரவில்லை. எழுந்து நிற்காமல், அமர்ந்தபடியே நகர்ந்து இடம் மாறுவதற்கு உச்சி வெயில் வரை எங்களைப் பழக்கினார். சேற்றில் இழுப்பதற்கு அது மிகவும் கனம். ஆயினும் எங்கள் இருவருக்கும் பொருந்திய தோணி அதுதான். கவிழ்த்துக் காட்டச் சொல்லாமலேயே அவர் அதை எங்களுக்கு விற்றார்.

திரும்பும் வழியில் மச்சான், "தங்கச்சிக்குத் தெரிய வேணாம்" என்று மூன்று முறை சொன்னார். நான் அன்றைக்கே சொல்லிவிட்டேன். அவள் முறத்தைக் கீழே வைத்து, "அண்ணனுக்குமா வராது?" என்று கேட்டாள். ஆம் என்றேன். அந்த வாரம் முழுவதும் அவள் என்னிடம் பேசவில்லை.

அடுத்த ஞாயிறு அவளே துறைக்கு வந்தாள், தோளில் கனத்த பிரம்புக் கயிற்றுச் சுருளோடு. ஒரு முனையைச் சம்பானிலும் மறுமுனையைக் கரைமரத்திலும் கட்டினாள். கயிறு விட்ட தூரமே எங்கள் ஆறு. "மாடு மேய விட்டிருக்கியா அக்கா?" என்று லயத்துப் பெண்கள் சிரித்தார்கள். மரத்தில் கட்டிய பிறகும் அவள் கயிற்றைக் கையில் பிடித்தே இருந்தாள்.

"அதான் மரத்துல கட்டியாச்சே?" என்றேன்.

"மரத்துக்கு என்ன தெரியும்?" என்றாள்.

கரையோரம் கிடைத்த கெளுத்தியும் இறாலும் அவளுக்குப் போதுமானதாயிருந்தன. பிள்ளை பிறந்து நடக்கத் தொடங்கிய பின்னரும் அவள் அந்தக் கயிற்றை ஒரு முழமும் நீட்டவில்லை, நானும் கேட்கவில்லை.

ஐயா, அம்மா, இந்தத் தாள்களைப் படித்து முடித்ததும் எறிந்துவிடாமல், ஈரம் படாத ஓரிடத்தில் வைத்திருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.