புளியமரத்துத் தூளி

எதிர்வீட்டில் நீளக் கம்பில் ரம்பம் கட்டி வேப்பங்கிளையை அறுக்கிறார்கள். அந்தச் சத்தம் என்னை, சின்ன வயதில் அம்மாவும் அப்பாவும் வேலை செய்த ஆம்பூர் தோல் பதனிடும் ஷாப்புக்கு இழுத்துப் போகிறது. ஆவாரம்பட்டை நாறும் முற்றத்தில் புளியமரம். அதன் மேல்கிளை ஒன்றை அறுக்க வேண்டியிருந்தது.

"லேசான மூங்கிலா எடுங்களேன்" என்றாள் அம்மா.

"வளையாதது வேணும்டி" என்று கனத்ததில் ரம்பத்தைக் கட்டினார் அப்பா.

அங்கே வேலை செய்த பெண்களில், கை ஒழிந்தவள் யார் பிள்ளையையும் தூக்கிக்கொள்வாள். கிளை அறுக்க எல்லாரும் மரத்தடியை விட்டு விலகியபோது, தாழ்ந்த கிளையில் கட்டிய தூளியில் கிடந்த தம்பியை வேறொருத்தி எடுத்திருப்பாள் என்றே ஒவ்வொருத்தியும் நினைத்தாள்.

பாதி அறுத்த கிளை முறிந்து சாய்ந்தது. அதற்கு நேர்கீழே தூளி அசைந்தது.

"அப்பா, தம்பி!" என்று அலறினேன்.

அப்பா மூங்கிலையே கிளைக்கு முட்டுக்கொடுத்தார். தோள் நடுங்கியது, மூங்கில் வளையவில்லை. அம்மா தம்பியை வாரிக்கொண்டு ஓடிய பிறகுதான் கையை விட்டார்.

எதிர்வீட்டில் எல்லாரும் அண்ணாந்து நிற்கிறார்கள். நான் மரத்தடியைப் பார்க்கிறேன்.