கட்டுப் பிரிக்காத பத்திரிகை

கல்லூரி முடித்த கையோடு, சித்தப்பா நடத்திய பாட்டுப் பத்திரிகையில் என்னை உட்கார வைத்துவிட்டார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கான மாத இதழ். புதுப் பாடல்களின் வரிகள், சுவரில் ஒட்டிக்கொள்ள நடுப்பக்கத்தில் பாடகர் படம், அப்புறம் 'அக்கா பதில்கள்'. அந்த அக்கா நான்தான். எட்டாம் வகுப்புப் பெண்கள் காதலைப் பற்றிக் கேட்பார்கள். ஒரு மண்ணும் தெரியாத நான் வெளுத்து வாங்குவேன். இதழ் வரும் நாளில் எங்கள் ஆர்.எஸ்.புரத்து மாடி அலுவலகத்துக்குக் கீழே சைக்கிள் நிறுத்த இடமிருக்காது. எனக்கும் தலைகால் புரியவில்லை.

பிறகு மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரும் கடைகள் தெருவுக்குத் தெரு முளைத்தன. கொஞ்ச நாளில் பாடல் வரியும் போனிலேயே கிடைத்தது. கீழே சைக்கிள்கள் குறைந்தன. அக்காவுக்குக் கடிதம் வருவது நின்றுபோய், கேள்வியையும் நானே எழுதிக்கொண்டேன்.

அந்த நேரத்தில்தான் சென்னையில் ஒரு பண்பலை வானொலி என்னைக் கூப்பிட்டது. போக உயிர் துடித்தது. ஆனால் சித்தப்பாவை அம்போவென்று விட்டுவிட்டு எப்படிப் போவது? பத்திரிகை நின்றால்தான் எனக்கு விடுதலை. பாழாய்ப்போனது நிற்பேனா என்றது. எந்த ஊர் முகவரைக் கேட்டாலும் "எல்லாம் போயிருச்சுங்க" என்பார். ஒரு பிரதிகூடத் திரும்பி வராது.

ஒரு கல்யாணத்துக்கு ஈரோடு போனபோது, பேருந்து நிலையத்தில் இருந்த எங்கள் முகவரின் கடையை எட்டிப் பார்த்தேன். "வாங்க அம்மணி, உக்காருங்க" என்று ஒரு கட்டைக் காட்டினார். உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன், அது எங்கள் பத்திரிகை. சணல்கூடப் பிரிக்கவில்லை. பின்னால் சுவர் உயரத்துக்கு இன்னும் கட்டுகள்.

"ஏனுங்க, திருப்பி அனுப்பியிருக்கலாமல்லங்க?"

"அதெப்படிங்க அம்மணி? எம்புள்ள கண்ணாலத்துக்கு மொத நாளே வந்து பந்தியில நின்னவருங்க உங்க சித்தப்பா. அவரு மூஞ்சிக்கு நேரா விக்கலைன்னு சொல்ல முடியுங்களா?"

இந்த ஊர் மரியாதை ஆளைக் கொல்லும். பேருந்தில் திரும்பும் வழியெல்லாம் பொருமிக்கொண்டே வந்தேன்.

மறுநாள் சித்தப்பாவிடம் போட்டு உடைத்தேன். அவர் நடுப்பக்கப் படத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

"தெரியுங் கண்ணு. ரொம்ப நாளாவே தெரியும். நீ ஆசை ஆசையா எழுதிட்டிருக்கறயே, நிறுத்திப்போட்டா பாவம் நீ என்ன பண்ணுவேன்னுதான் ஓட்டிட்டிருக்கறேன்."

எனக்கு ஆத்திரத்தில் அழுகை வந்துவிட்டது. அவர் அதைப் பத்திரிகை மேல் எனக்கிருந்த பாசம் என்று நினைத்து, இன்னும் ஒரு வருடம் நடத்துவதாகச் சமாதானம் சொன்னார். வேண்டவே வேண்டாம் என்று கத்தினேன். அந்த மாதமே நிறுத்தினார்.

அன்று சாயங்காலம் சென்னைக்குப் போன் செய்தேன். அந்த இடத்துக்கு எப்போதோ ஆள் எடுத்துவிட்டார்களாம்.

"பரவாயில்லைங்க" என்றேன்.